தங்கபாய் மாற்றிச் சொன்ன சாட்சி

ஆறு வருஷமாகத் தங்கபாய் எழுதிப் போட்ட ஜெபக்குறிப்பில் ஒரு எழுத்துகூட மாறியதில்லை. 'பின்மாற்றத்தில் இருக்கிற என் மகள் இந்து மனந்திரும்ப.' சபையை விட்டு விலகிப்போனவர்களைப் பின்மாற்றக்காரர் என்பார்கள். ஞாயிறுதோறும் ஆராதனை தொடங்குமுன் ஜெபவீட்டு வாசலில் இருக்கும் பெட்டிக்குள் அந்தச் சீட்டை மடித்துப் போடுவாள். பாட்டுகள் முடிந்ததும் பாஸ்டர் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக மைக்கில் வாசிப்பார். பையனுக்கு மில்லில் வேலை நிரந்தரமாக வேண்டும், மூத்தவளுக்கு வரன் அமைய வேண்டும், மூட்டுவலி தீர வேண்டும் என்று சனங்களின் கவலை அத்தனையும் வரும். நடுவில் இந்துவின் பெயரும் வரும். நூறு பேர் சேர்ந்து "ஆண்டவரே" என்பார்கள். தங்கபாய் வெள்ளைச் சேலையின் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு அழுவாள்.

அந்த அழுகையில் பொய் கிடையாது. சீட்டில்தான் பாதி விஷயம் இல்லை. மீதிப் பாதியை எழுத அவளுக்குத் துணிச்சல் வரவில்லை, அவ்வளவுதான்.

இந்து கண்காணாத தேசத்துக்கு ஒன்றும் போய்விடவில்லை. ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் டிக்கெட் வாங்கி மீதிச் சில்லறையைப் பைக்குள் போடுவதற்குள் வந்துவிடுகிற ஸ்ரீவில்லிபுத்தூரில், ரத்தப் பரிசோதனை செய்கிற ஒரு தனியார் லேபில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கிற பெண்ணோடு சேர்ந்து வீடு எடுத்துத் தங்கியிருக்கிறாள். வயது இருபத்தெட்டு. காதில் சின்னதாக ஒரு கம்மல் போட்டிருக்கிறாள். மற்றவர்களுக்கு அது கம்மல். நகையே போடாத சபையில் பிறந்து வளர்ந்த பெண் போட்டால் அது ஊருக்கு அறிவிப்பு. வருஷத்துக்கு இரண்டு தடவை தாயும் மகளும் போனில் பேசுவார்கள். மழை பெய்ததா, கேஸ் சிலிண்டர் வந்ததா என்பதற்கு மேல் பேச்சு போகாது.

தங்கபாய் வாயில்லாப் பூச்சி என்று நினைத்துவிட வேண்டாம். ஐம்பத்துநாலு வயதாகிறது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி மடிக்கிற கம்பெனியில் இருபது வருஷமாக வேலை. கை மடிக்கிற வேகத்துக்கு வாயும் ஈடு கொடுக்கும். ஜெபவீட்டில் ஞாயிறுதோறும் சாட்சி நேரம் என்று பத்து நிமிஷம் உண்டு. யார் வேண்டுமானாலும் முன்னால் போய் மைக்கைப் பிடித்து, கர்த்தர் தனக்குச் செய்த நன்மையைச் சொல்லலாம். மற்றவர்கள் போகலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் தங்கபாய் எழுந்து பாதித் தூரம் போயிருப்பாள். அவள் வீட்டுக்காரர் வைகுண்டராஜ் அப்போதெல்லாம் மகளிடம் சொல்லிச் சிரிப்பார்: "உங்கம்மைக்குப் பஸ்ஸுல சன்னலோரம் சீட்டு கெடைச்சாலும் சாட்சிதாம்ட்டி." அவர் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்தார். நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்று பேசுகிறவர். ஆனால் தங்கபாய் மைக்கைப் பிடித்தால் அவர் முகத்தில் ஒரு பெருமை தெரியும். அது அவளுக்குப் பிடிக்கும்.

சாட்சியில் ஒரு வகை இருக்கிறது. விசுவாச அறிக்கை என்பார்கள். நடந்ததைச் சொல்வது சாதாரணச் சாட்சி. இனி நடக்கும் என்று நம்புவதை, நடந்தே விட்டது என்று சபை முன்னால் வாய்விட்டுச் சொல்வது விசுவாச அறிக்கை. சொன்ன பிறகு பின்வாங்கக் கூடாது. சுகமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு மறுநாள் ஆஸ்பத்திரி வரிசையில் போய் நின்றால், கர்த்தரைப் பொய்யராக்கியதாகிவிடும். இப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதியிருக்கவில்லை. பாஸ்டரும் பிரசங்கத்தில் சொன்னதில்லை. ஆனாலும் சபையின் வெள்ளைச் சேலைக்காரிகள் அத்தனை பேருக்கும் அது தெரியும்.

2018ஆம் வருஷம் கோடையில் வைகுண்டராஜுக்கு வெளிக்குப் போகும்போது ரத்தம் போனது. பத்து நாள் மறைத்துவிட்டு, பிறகு சொன்னார். ராஜபாளையத்து டாக்டர் பார்த்துவிட்டு, உள்ளே குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், மதுரைக்குப் போங்கள் என்று கடிதம் கொடுத்தார். செவ்வாய்க்கிழமைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பாஸ்டர் அவர் தலையில் எண்ணெய் வைத்து ஜெபித்தார். சனிக்கிழமை ரத்தம் வரவில்லை. ஞாயிறும் வரவில்லை.

தங்கபாய்க்குக் கால் தரையில் பாவவில்லை. ஞாயிறு சாட்சி நேரத்தில் மைக்கைப் பிடித்து, "எங்க வீட்டுக்காரருக்குக் கர்த்தர் பூரண சுகம் குடுத்துட்டாரு. செவ்வாய்க்கெழம மதுரைக்குப் போகணும்னு இருந்தோம். இனிமே போகவேண்டிய அவசியமே இல்ல" என்றாள். ஜெபவீடு அதிர்ந்தது. இந்து அப்போது லேப் டெக்னீஷியன் படிப்பின் கடைசி வருஷத்தில் இருந்தாள். சபையில் பாட்டு நடத்துவதும் அவள்தான். அம்மா வந்து உட்காருமுன்பே அவள் அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டாள்.

சரியாக இருபத்தாறாம் நாள், துவைக்க எடுத்த கைலியில் தங்கபாய் ரத்தத்தைப் பார்த்தாள்.

பார்த்துவிட்டு என்ன செய்தாள்? சோப்புப் போட்டு ஊறவைத்தாள். நன்றாகக் கசக்கி, கொல்லைப்பக்கக் கொடியில் சுவரோரமாகக் காயப்போட்டாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. அடுத்த வாரமும் அப்படியே. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டுக்குள், ஒருவருக்குத் தெரியும் என்பது மற்றவருக்குத் தெரியாததுபோல நடமாடினார்கள். ஒருநாள் சாயங்காலம் காபி கொடுக்கும்போது, "ஏங்க, மதுரைக்கு ஒரு எட்டு போய்ட்டு வந்துருவமா?" என்று கேட்டாள். அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு, "சபையில சொல்லியாச்சுல்லா. அங்க ஆஸ்பத்திரி வராண்டாவுல நம்மாளுக யாரும் பாத்துட்டா ஒனக்குல்லா அசிங்கம்" என்றார்.

அசிங்கப்பட்டால் படட்டும் என்று அவள் அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் அப்படிச் சொன்னது அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதியாகக்கூட இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் அவளுக்குத் தன்மேல் காறித் துப்ப வேண்டும்போல் இருக்கும்.

நாலாம் மாதம் வைகுண்டராஜ் மில்லில் மயங்கி விழுந்தார். இந்துதான் ஆம்புலன்ஸ் வைத்து மதுரைக்குக் கொண்டுபோனாள். ஈரல்வரை பரவிவிட்டது என்றார்கள். முதலிலேயே ஏன் வரவில்லை என்று பெரிய டாக்டர் கேட்டபோது தாயும் மகளும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாற்பது நாளில் அவர் போய்விட்டார்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. மில்லில் விழுந்தது நெஞ்சுவலியில்தான் என்று சபையில் சொல்லிவைத்திருந்த தங்கபாய், துக்கத்துக்கு வந்தவர்கள் எப்படி, என்ன என்று கேட்டபோதும், "ஹார்ட் நின்னு போச்சு" என்றாள். யாருக்குத்தான் கடைசியில் ஹார்ட் நிற்காமல் போகிறது! அடக்க ஆராதனையில் பாஸ்டரும் அதையே நம்பி, "வியாதியிலிருந்து சுகம் பெற்ற நம் சகோதரன், மாரடைப்பில் கர்த்தரிடம் சேர்ந்தார்" என்று மைக்கில் சொன்னார். தங்கபாயின் சாட்சி அப்படியே பிழைத்துக்கொண்டது. மனுஷன்தான் பிழைக்கவில்லை.

கல்லறையிலிருந்து வந்த அன்று சாயங்காலம் இந்து பெட்டியைக் கட்டினாள். "சபையில நின்னு சொன்னேல்ல. அங்கயே நின்னு மாத்திச் சொல்லு. அதுவரைக்கும் என்னை அங்க கூப்பிடாத. ஜெபம் பண்ணுன்னும் எங்கிட்டச் சொல்லாத" என்றாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. பெண் கத்திவிட்டுப் போயிருந்தால் தாய் எதிர்த்துக் கத்தி மனதை ஆற்றிக்கொண்டிருப்பாள். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

இதுதான் சீட்டில் எழுதாமல் விட்ட பாதி. மாற்றிச் சொல்வதற்குப் பதிலாகத் தங்கபாய் மகளின் பெயரை எழுதிப் போடத் தொடங்கினாள். பின்மாற்றக்காரி என்று நூறு பேர் வாயில் மகளை ஒப்படைத்துவிட்டு, தான் முன்வரிசையில் உட்கார்ந்து அழுதாள். வீட்டில் தனியாக முழங்கால் போட்டால் வார்த்தை வராது. இரண்டு வரி போவதற்குள் அந்தக் கைலி வந்து நிற்கும். எழுந்து போய் அடுப்பைத் துடைப்பாள். 'சமாதானம் சிஸ்டர்' என்று எதிரே வருகிறவர்களிடம் ஒருநாளைக்குப் பத்துத் தடவை சொல்கிற வாய்தான். அந்தச் சமாதானம் அவள் வீட்டு வாசற்படி ஏறியதில்லை.

போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கம்பெனி விட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது பாண்டிசெல்வி வந்தாள். சபைக்கு வந்து ஆறேழு வருஷம் ஆகிறது. முப்பத்துநாலு வயது, இரண்டு பிள்ளைகள். முகமெல்லாம் ஒரு வெளிச்சத்தோடு வந்தாள்.

"அக்கா, ஒங்ககிட்ட மட்டும் சொல்லுதேன். எனக்கு மார்ல ஒரு கட்டி. டாக்டரம்மா ஊசி போட்டு சாம்பிள் எடுக்கணும்னு சொல்லிட்டாவ. திங்கக்கெழம வரச் சொல்லியிருக்காவ. போன வாரம் பாஸ்டர் ஜெபம் பண்ணாவல்லா, அதிலருந்து வலியே இல்லக்கா."

தங்கபாய் செம்பைக் கீழே வைத்தாள்.

"நான் போகப் போறதில்ல" என்றாள் பாண்டிசெல்வி. "ஞாயித்துக்கெழம விசுவாச அறிக்கை பண்ணப் போறேன். பயமாத்தான் இருந்துச்சு. பொறவு நீங்க அண்ணனுக்காகச் சொன்ன சாட்சிய நெனச்சேன். நான் சபைக்கு வந்த புதுசு. மொத மொத நான் கேட்ட பெரிய சாட்சி அதுதான். அண்ணன் அந்த வியாதியில போகலயே. கர்த்தர் குடுத்த சுகம் கடைசிவரைக்கும் நின்னுச்சே. எனக்கும் அது போதும்க்கா."

தங்கபாய் என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கும் போய்ட்டு வாயேன், ஜெபமும் பண்ணுவோம், டாக்டரையும் கர்த்தர்தான படைச்சாரு என்றாள். பாண்டிசெல்வி அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீங்களா இப்படிச் சொல்லுதீய?" என்றாள். அவள் போன பிறகு வெகுநேரம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். தெருவிளக்கு வந்தது, கொசு வந்தது. உள்ளே போகத் தோன்றவில்லை.

மறுநாள் கம்பெனியில் துணி மடிப்பு ஓடவில்லை. பேண்டேஜ் துணியை ஒரே அளவாக மடித்து அடுக்க வேண்டும். ஒரு மடிப்பு கோணினாலும் கட்டு முழுக்கக் கோணிக்கொண்டு நிற்கும். காலையிலிருந்து மூன்று கட்டுகளைச் சூப்பர்வைசர் திருப்பிப் போட்டுவிட்டார். பக்கத்தில் மடிக்கிற சுந்தரம்மாள் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவள். இருபது வருஷமாக இருவரும் ஒரே பெஞ்சில் இருக்கிறார்கள். சாமி விஷயத்தில் மட்டும் ஒருவரை ஒருவர் தொட்டுக்கொள்ள மாட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் தங்கபாய் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டாள். கைலியையும் சேர்த்துத்தான். வெளியே ஒரு மனுஷரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

சுந்தரம்மாள் டிபன் பாக்ஸை மூடினாள். "எங்க சாமி ஒங்க சாமியெல்லாம் எனக்குத் தெரியாது தாயி. அந்தப் பிள்ளைக்கு ரெண்டு சின்னப் பிள்ளைக இருக்குன்ன. நீ வாயத் தெறக்கலேன்னா அதுக ரெண்டும் தெருவுல நிக்கும். இதுல யோசிக்கதுக்கு என்ன இருக்கு?" என்றாள். பிறகு எழுந்து தங்கபாயின் டிபன் பாக்ஸையும் சேர்த்துக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை தங்கபாய் பாஸ்டரைப் பார்க்கப் போனாள். அவருக்கும் எழுபது ஆகிவிட்டது. கெட்ட மனுஷர் இல்லை. யார் வீட்டில் சாவு என்றாலும் சைக்கிளில் முதல் ஆளாகப் போய் நிற்பார். அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"மருந்த நிறுத்துங்கன்னு நான் ஒருநாளும் சொன்னதில்லையே சிஸ்டர்" என்றார்.

"நீங்க சொல்லல ஐயா. நாங்களாத்தான் அப்படி எடுத்துக்கிட்டோம். ஆனா பாண்டிசெல்வியும் அப்படித்தான் எடுத்திருக்கா."

"நான் அவளைத் தனியாக் கூப்பிட்டு புத்தி சொல்லுதேன். நீங்க சபையில இதச் சொல்லவேண்டாம். புதுசா வந்த ஆத்துமாக்கள் இடறிப்போகும். சகோதரன் பேரும் கெட்டுப்போகும்."

"தனியாச் சொன்னா அவ கேக்கமாட்டா. அவ கேட்டது என் சாட்சிய. அத நாந்தான் மாத்தணும்" என்றாள் தங்கபாய்.

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அனுமதி கொடுக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

ஞாயிறு காலை பெட்டிப் பக்கம் போகாமலே அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். சாட்சி நேரம் வந்தது. பாண்டிசெல்வி எழுந்துவிட்டாள். தங்கபாய் இருந்த இடத்திலிருந்து ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும். அவளைத் தாண்டிப் போய் மைக்கைப் பிடித்தாள். சனங்களில் சிலர் புன்சிரிப்போடு பார்த்தார்கள். தங்கபாய் அக்கா முந்திக்கொள்வது புதிதா என்ன?

"ஆறு வருஷத்துக்கு முன்னால இதே எடத்துல நின்னு ஒரு சாட்சி சொன்னேன்" என்று ஆரம்பித்தாள். "அது பொய். சொன்ன அன்னைக்குப் பொய்யின்னு எனக்குத் தெரியாது. இருபத்தாறு நாள் கழிச்சுத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் மறைச்சேன். எங்க வீட்டுக்காரரு ஹார்ட்ல சாகல. குடல்ல புத்துநோய் வந்து செத்தாரு. மதுரைக்குப் போயிருந்தா ஒருவேளை இருந்திருப்பாரு. இருந்திருக்கமாட்டாரோ என்னவோ, ஆனா போகவிடாமப் பண்ணது நான். ஆண்டவரு பேரைக் காப்பாத்துறதா நெனச்சேன். என் பேரைத்தான் காப்பாத்துனேன். என் மக பின்மாற்றக்காரி இல்ல. அவ உண்மையச் சொல்லுன்னு சொன்னா. அதுக்கு நான் அவ பேர ஒங்க வாயில எல்லாம் போட்டுட்டேன். பாண்டிசெல்வி, நீ நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போ."

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. பாண்டிசெல்வி நின்ற இடத்திலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். பாஸ்டர் மைக்கை வாங்கி, எல்லாரும் முழங்காலில் நிற்போம் என்றார். அவருடைய ஜெபமும் அன்றைக்கு வழக்கம்போல் நீளவில்லை.

ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது ஒருவரும் அவளிடம் சமாதானம் சொல்லவில்லை. பத்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவள்கூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தாள். "இத்தன வருஷம் நம்மள ஏமாத்திருக்கா பாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. வலிக்கத்தான் செய்தது. மானம் போவது என்றால் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வீடு வந்து, சேலையைக்கூட மாற்றாமல் வெறுந்தரையில் படுத்தாள். கண் விழித்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. பகலில் அப்படி அடித்துப் போட்டாற்போல அவள் தூங்கி எத்தனையோ வருஷம் ஆயிற்று.

எழுந்து முகம் கழுவிவிட்டு முழங்கால் போட்டாள். கைலி வந்தது. இந்தத் தடவை அவள் எழுந்து ஓடவில்லை. "ஆமா ஆண்டவரே, நாந்தான்" என்றாள். அதற்கு மேல் அவளுக்கு வார்த்தை தேவைப்படவில்லை. ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள். மகள் திரும்பி வரவில்லை, செத்தவர் எழுந்து வரவில்லை, அடுத்த ஞாயிறு சபையில் முகம் கொடுக்க முடியுமா என்று தெரியவில்லை. இத்தனையும் இருக்கும்போதே நெஞ்சுக்குள் இருந்த இறுக்கம் விட்டிருந்தது. இதைத்தான் சமாதானம் என்று இத்தனை வருஷமாக வாயால் சொல்லிக்கொண்டிருந்தோமா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை மதியத்தோடு கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள். மகளைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று போகவில்லை. நடந்ததை வேறு யாரும் சொல்லி அவள் கேட்கக் கூடாது, தானே சொல்ல வேண்டும் என்று போனாள். மம்சாபுரம் விலக்கு தாண்டியதும் மலைப்பக்கமிருந்து சாரல் அடித்தது. சன்னலை மூடச் சொன்ன பக்கத்து ஆளுக்காக மூடிவிட்டு, மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் பேசமாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட வேண்டும் என்று மட்டும் முடிவு செய்துகொண்டாள். அழுது ரகளை பண்ணக் கூடாது.

லேபில் சனிக்கிழமை சாயங்காலக் கூட்டம் குறைந்துபோயிருந்தது. வெள்ளைக் கோட்டும் கையுறையுமாக உள்ளே இருந்து வந்த இந்து அம்மாவைப் பார்த்து நின்றாள். "ஒடம்புக்கு என்ன?" என்றாள் முதலில்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. ஒரு விசயம் சொல்லணும். செத்த நேரம் இருந்தாப் போதும், போயிருவேன்."

உள்ளே, ரத்தம் எடுக்கிற சின்ன அறையில் உட்கார வைத்தாள். தங்கபாய் கைலியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். மைக்கில் சொன்னதை அப்படியே சொன்னாள். பாண்டிசெல்வியை அவள் வீட்டுக்காரர் திங்கட்கிழமையே கூட்டிக்கொண்டு போய்விட்டதையும், சாம்பிள் எடுத்திருக்கிறார்கள், ரிசல்ட் இன்னும் வரவில்லை என்பதையும் சொன்னாள். "நீ அன்னைக்கே சொன்ன. எனக்கு ஆறு வருசம் ஆச்சு. அதுக்காக நீ சபைக்கு வான்னு கேக்க வரல. ஒம்மேல பழியப் போட்டு வச்சிருந்தேன், அத எடுத்துட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன்" என்று முடித்தாள்.

இந்து கையுறையைக் கழற்றவில்லை.

"ஒனக்கு ஒண்ணு தெரியாதும்மா" என்றாள். "ரத்தம் திரும்ப வருதுன்னு அப்பா மொதல்ல எங்கிட்டத்தான் சொன்னாரு. நீ கைலியப் பாக்குறதுக்கு முன்னாடி. 'நீ படிச்ச பிள்ள, இது எதனால இருக்கும்'னு கேட்டாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'இது சாத்தான் காட்டுற பொய் அறிகுறிப்பா. ஆஸ்பத்திரிக்குப் போனா சுகத்த இழந்துருவீங்க'ன்னு சொன்னேன். லேப் படிச்சவ. கிளாஸ்ல அத்தனையும் எழுதிப் படிச்சவ. அவரு சரின்னு தலையாட்டிட்டுப் போய்ட்டாரு. பொறவு என்கிட்ட அதப் பத்திப் பேசவே இல்ல."

தங்கபாய் நாற்காலியை மகள் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"ஒன்ன மாத்திச் சொல்லச் சொல்லிட்டு நான் பெட்டியத் தூக்கிட்டு வந்துட்டேன். நான் சொல்லவேண்டியத யாருகிட்டயும் சொல்லல. அந்த வாசல்ல கால வச்சா அவரு தலையாட்டுனதுதான் கண்ணு முன்னால வந்து நிக்கும். அதனாலதான் வரல. நீ நெனைக்கிற மாதிரி வீம்பு இல்ல" என்றாள் இந்து. இப்போது அவள் அழுதாள். ஆறு வருஷத்துக்கு முன்பு அழாத அழுகை.

தங்கபாய் எழுந்து போய் மகள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மகள் பாவத்திலிருந்து திரும்ப வேண்டும் என்று முந்நூறு ஞாயிறு எழுதிப் போட்டிருக்கிறாள். அவளுக்கு என்ன வலி என்று ஒரு ஞாயிறுகூட அவளிடம் கேட்கவில்லை.

"தப்பு ஒம்மேல இல்லட்டி. அந்தப் பேச்ச ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? பால் குடிக்கையிலேயே ஒனக்கு நாங்க ஊத்துனது அது. மதுரைக்குப் போவமான்னு நான் கேட்டப்பவும் அவிய ஒன்னப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. என் மானத்தச் சொன்னாவ. ஒன்கிட்ட என்னக் காட்டிக் குடுக்கல, என்கிட்ட ஒன்னக் காட்டிக் குடுக்கல. ரெண்டு பேரையும் மூடி வச்சுட்டு அந்த மனுசன் போய்ட்டாரும்மா" என்றாள் தங்கபாய்.

வெளியே யாரோ ரிப்போர்ட் கேட்டு வந்தார்கள். கூட வேலை பார்க்கிற பெண் எட்டிப் பார்த்துவிட்டு, தானே போய்க் கொடுத்தாள். இந்து கையுறையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்காக எழுதிப் போடுறத நிறுத்திட்டியா?"

"நிறுத்திட்டேன்."

"ஜெபம் பண்ணுறத?"

"அது என்னால ஏலாது" என்றாள் தங்கபாய்.

இந்து தலையை ஆட்டினாள். பஸ் ஸ்டாண்டுவரை கூடவே நடந்து வந்தாள். சாரல் விட்டிருந்தது. ராஜபாளையம் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. தங்கபாய் ஏறி சன்னலோரம் உட்கார்ந்ததும் இந்து வெளியே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"சபைக்கு வரமாட்டேம்மா. என்னால ஜெபம் பண்ண முடியல. முடியுமான்னும் தெரியல. அத எதிர்பாக்காத."

"சரி."

"நாளைக்கு மத்தியானம் சாப்பிட வாரேன். ஆராதன முடிஞ்சு வீட்டுக்கு எத்தன மணிக்கு வருவ?"

"ஒரு மணி ஆகும்."

"அப்ப ஒண்ணரைக்கு வாரேன்."

ஒரு மணி நேரம் முன்னால் வந்தால் கடைசி ஜெபத்துக்காவது வாசலில் நிற்கலாமே என்று தங்கபாய்க்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பழைய தங்கபாயாக இருந்தால் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்த்திருப்பாள். வாயை மூடிக்கொண்டு மகளின் முகத்தைப் பார்த்தாள். அழுது வீங்கியிருந்தது. அவள் அப்பாவின் முகஜாடை.

"மீன் வாங்கவா, கறி எடுக்கவா?" என்று கேட்டாள்.